பாக்கு நீரிணையின் புள்ளிக்கோடு

பாக்கு நீரிணையின் புள்ளிக்கோடு என்பது இராமநாதபுரம், இராமேசுவரம் கரைக்கும் இலங்கையின் வடக்குக் கரைக்கும் இடையே வரைபடங்களில் காட்டப்படும் பன்னாட்டுக் கடல் எல்லைக்கோட்டைக் குறிக்கும். இந்தியாவும் இலங்கையும் 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் இக்கோடு உருவானது. ஒப்பந்தங்களில் எழுதப்பட்டிருப்பவை சில புள்ளிகளின் அளவுகள் மட்டுமே. அப்புள்ளிகளை இணைத்துக் கண்ணுக்குத் தெரியும் கோடாக்கும் வேலை வரைபடம் வரைபவருடையது.

கோட்டின் அரசியல் வரலாறு, குறிப்பாகக் கச்சத்தீவு பற்றிய பகுதி, பலராலும் பலமுறை எழுதப்பட்டுள்ளது. கோடு வரையப்பட்ட முறையின் வரலாறு அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. மைப்பேனாவிலிருந்து கணினி வரை, வரையும் கருவி மாறும்போதெல்லாம் காகிதத்திலும் திரையிலும் இக்கோடு சற்றே நகரும் வாய்ப்பு உண்டு. அந்தச் 'சற்றே' கடலில் சில நேரம் மைல் கணக்கில் வருகிறது.

கோட்டுக்கு முந்தைய கடல்

1763 முதல் 1767 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த இராபர்ட் பாக் என்பவரின் பெயரால் இக்கடல் அழைக்கப்படுகிறது. அலை குறைந்த, ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதியில் ஆழம் 15 மீட்டரை எட்டுவதில்லை. சங்கு, இறால், நண்டு, கடல் அட்டை எல்லாம் இருந்த இக்கடலடி, சேதுபதிகள் காலத்திலேயே குத்தகைக்கு விடப்பட்ட சொத்தாக இருந்தது. சங்குப் படுகையிலிருந்து சங்கு எடுத்தது திருட்டாகுமா என்ற அன்னக்குமாரு பிள்ளை வழக்கில், பாக்கு விரிகுடா நீண்டகாலப் பயன்பாட்டினால் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியாகிவிட்டது என்ற கருத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 1903இல் ஏற்றது. இரு கரைகளும் ஒரே பேரரசின்கீழ் இருந்தபோது கடலை நடுவில் வெட்டும் கோட்டுக்கு அவசியம் இல்லை.

அக்காலத்துப் பயண வரைபடங்களிலும் இக்கடலின் மேல் ஒரு விட்டுவிட்டுச் செல்லும் கோடு உண்டு. அது தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய நீராவிக் கப்பலின் தடம். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் ஏறியவர் இரயில், கப்பல், மீண்டும் இரயில் என்று கொழும்பு வரை போகலாம். இரயில் தடம் முழுக்கோடாகவும் கப்பல் தடம் விட்டுவிட்டு வரும் கோடாகவும் காட்டப்படுவது வழக்கம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தத் தடமும் முடிந்தது. பத்தாண்டுகள் கழித்து வந்த கோடு அதற்குக் குறுக்கே விழுந்தது.

இடையில் ஒரு முயற்சி நடந்தது. 1921 அக்டோபரில் சென்னை அரசின் பிரதிநிதிகளும் இலங்கை அரசின் பிரதிநிதிகளும் கொழும்பில் கூடி, மீன்பிடி உரிமைக்காக ஒரு கோட்டைப் பேசினர். கச்சத்தீவுக்கு மூன்று மைல் மேற்கே கோடு செல்லலாம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டாலும், தீவின் மீதான உரிமைக் கோரிக்கையை அது பாதிக்காது என்ற நிபந்தனையும் கூடவே வைக்கப்பட்டது. அக்கோடு இறுதி ஒப்புதலைப் பெறவில்லை. காகிதத்தில் பிறந்து காகிதத்திலேயே முடிந்தது.

ஆறு புள்ளிகள்

1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் ஜூன் 28 அன்று புதுதில்லியிலும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்திரா காந்தியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையிலான 'வரலாற்று நீர்ப்பரப்பில்' எல்லையை வகுத்தது. அதன் முதல் பிரிவு ஆறு புள்ளிகளைத் தருகிறது.

முதல் புள்ளி 10° 05' வடக்கு, 80° 03' கிழக்கு. கோடிக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் நடுவே உள்ளது. இரண்டாவது 9° 57' வடக்கு, 79° 35' கிழக்கு. மூன்றாவது 9° 40.15' வடக்கு, 79° 22.60' கிழக்கு. தொண்டிக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடலில் அமைந்த இப்புள்ளியே கோட்டின் மேற்கு முனை. நான்காவது 9° 21.80' வடக்கு, 79° 30.70' கிழக்கு. ஐந்தாவது 9° 13' வடக்கு, 79° 32' கிழக்கு. ஆறாவது 9° 06' வடக்கு, 79° 32' கிழக்கு.

மூன்றாவது, நான்காவது புள்ளிகளுக்கு மட்டும் கலையின் நூறில் ஒரு பங்கு வரை அளவு தரப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. இவ்விரண்டுக்கும் இடையே செல்லும் துண்டுதான் கச்சத்தீவின் மேற்குக் கரையை ஒரு மைல் விட்டு ஒதுங்கிப் போகிறது. சுமார் 285 ஏக்கர் பரப்புள்ள தீவு இலங்கையின் பக்கம் விழுந்ததற்குக் காரணம் இந்தத் துண்டு.

புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தைக் கணக்கிட்டால் முதல் துண்டு ஏறத்தாழ 28.7 கடல் மைல், அடுத்தவை முறையே 20.8, 20, 8.9, 7 கடல் மைல். மொத்தம் 85 கடல் மைலுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 158 கிலோமீட்டர்.

ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, புள்ளிகளை இணைப்பவை 'பெருவட்ட வில்கள்' என்று கூறுகிறது. பூமியின் மேற்பரப்பில் இரண்டு இடங்களுக்கு இடையேயான மிகக் குறுகிய வழியே பெருவட்ட வில். இரண்டாம் பிரிவோ, இணைப்பு வரைபடத்தில் இவற்றை இணைக்கும் 'நேர்கோடுகள்' காட்டப்பட்டுள்ளதாகவும், அவ்வரைபடத்தில் இரு நாட்டு நில அளவையாளர்களும் கையெழுத்திட்டுள்ளதாகவும் கூறுகிறது. வில்லும் நேர்கோடும் ஒன்றாகா. மெர்கேட்டர் முறையில் அமைந்த கடல் வரைபடத்தில் பெருவட்ட வில் மெல்ல வளைந்தே விழும். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு சிறிய தூரத்தில், வேறுபாடு அற்பமானது. மிக நீளமான முதல் துண்டிலேயே, அதன் நடுவில், வில்லும் கோடும் விலகுவது ஏறத்தாழ 9 மீட்டர்தான். ஒரு விசைப்படகின் நீளம்கூட இல்லை. சொற்களில் தெரியும் முரண் கடலில் பொருட்படுத்தத்தக்கதன்று.

ஐந்தாம் பிரிவு இந்திய மீனவரும் வழிபடுவோரும் முன்போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்றது. ஆறாம் பிரிவு இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் நீர்ப்பரப்பில் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரும் என்றது. 1974 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில், மீன்பிடி, வழிபாடு, கடற்பயண உரிமைகள் காக்கப்பட்டுள்ளன என்றார். ஆக, 1974ஆம் ஆண்டின் கோட்டைப் புள்ளிக்கோடாக வரைவது பொருத்தமாகவே இருந்தது. நடுநடுவே இடைவெளிகள் விடப்பட்டிருந்தன.

1976 மார்ச் 23 ஒப்பந்தம் கோட்டை மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் நீட்டியது. மன்னார்ப் பகுதியின் தொடக்கப் புள்ளியும் 1974இன் ஆறாவது புள்ளியும் ஒன்றே. அதே நாளில் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ, ஆட்சிக்கடலிலோ, தனிப் பொருளாதார மண்டலத்திலோ அனுமதியின்றி மீன்பிடிக்கலாகாது என்றன. கோடு முழுக்கோடானது அன்றுதான். வரைபடங்களில் மட்டும் அது விட்டுவிட்டே வரையப்படுகிறது.

காகிதத்தின் அளவு

எல்லையை ஏன் விட்டுவிட்டு வரைகிறார்கள் என்பதற்கு எளிய காரணம் உண்டு. கரை, ஆறு, சாலை போன்றவை நிலத்தில் கண்ணால் காணக்கூடியவை. அவற்றுக்கு முழுக்கோடு. எல்லை கண்ணுக்குத் தெரியாதது, ஆகவே உடைந்த கோடு. பன்னாட்டுக் கடல் வரைபடக் குறியீட்டு முறையில் கடல் எல்லைக்குச் சிறுகோடும் கூட்டல் குறியும் மாறிமாறி வரும். செய்தித்தாள்களும் நூல்களும் வெறும் புள்ளிகளோ சிறுகோடுகளோ இட்டு முடித்துக்கொள்கின்றன.

கையால் வரைந்த காலத்தில் சீரான புள்ளிக்கோடு என்பது வரைவாளரின் கைத்திறனுக்குச் சோதனை. இரண்டு உலோக நாக்குகளுக்கு நடுவே மையைத் தேக்கிவைக்கும் கோட்டுப் பேனாவால் ஒவ்வொரு சிறுகோட்டையும் தொட்டுத் தூக்க வேண்டும். தூக்கத் தாமதித்தால் முனையில் மை திரளும். பல்சக்கரம் பூட்டிய புள்ளிப் பேனாக்களும் இருந்தன. நேர்கோட்டில் ஒழுங்காக ஓடும் அவை வளைவில் சறுக்கும். பிற்காலத்தில் பூச்சுப் பூசிய நெகிழித் தாளில் ஊசியால் கோட்டைச் செதுக்கும் முறை வந்தபின் கோடு மெலிந்து கூர்மையானது.

எவ்வளவு மெலிந்தாலும் கோட்டுக்கு அகலம் உண்டு என்பதுதான் சிக்கல். ஒன்றுக்கு மூன்று இலட்சம் என்ற அளவில் வரைந்த கடல் வரைபடத்தில் 0.3 மில்லிமீட்டர் அகலமுள்ள கோடு, கடலில் 90 மீட்டர் அகலத்தை மூடும். அதில் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அது 450 மீட்டர். 15 மீட்டர் நீளமுள்ள விசைப்படகு அந்த அளவில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு.

பள்ளிப் புத்தக அளவிலான படத்தில் நிலைமை இன்னும் மோசம். ஒன்றுக்கு அறுபது இலட்சம் என்ற அளவில் அரை மில்லிமீட்டர்க் கோட்டின் அகலமே 3 கிலோமீட்டர். அப்படத்தில் கச்சத்தீவின் நீளம் கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். தீவுக்கும் எல்லைக்கும் இடையேயான ஒரு கடல் மைல் 0.3 மில்லிமீட்டர். கோடு தீவின் விளிம்பை உரசும் அல்லது விழுங்கிவிடும். தீவு எந்தப் பக்கம் என்பதை இத்தகைய படம் காட்ட முடியாது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடைகளில் ஏந்திக் காட்டப்பட்ட படங்களில் பல இந்த வகைதான்.

கணினிக் கோடு

கோட்டை மையிலிருந்து விடுவித்தது வெக்டர் வரைகலை. இதில் படம் புள்ளிக் கட்டங்களாகச் சேமிக்கப்படுவதில்லை. முனைகளின் இடமும் அவற்றை இணைக்கும் வளைவின் சூத்திரமுமே சேமிக்கப்படும். அந்தச் சூத்திரம் மகிழுந்துத் தொழிலிலிருந்து வந்தது. சித்ரோவன் நிறுவனத்தில் பால் டி காஸ்டல்ஜோவும் ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேயும் காரின் மேற்கூட்டை வரைவதற்காகத் தனித்தனியே கண்டடைந்தது. 1984இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் கோட்டை உடைத்துக் காட்டத் தனிக் கட்டளையே இருந்தது. சிறுகோட்டின் நீளம் இவ்வளவு, இடைவெளி இவ்வளவு என்று எண்களைக் கொடுத்தால் போதும். 1987இல் இல்லஸ்ட்ரேட்டர், 1989இல் கோரல் டிரா வந்தன. தமிழ்நாட்டின் டி.டி.பி. நிலையங்களில் கோரல் டிரா பரவியபின், வரைபடத்துக்கென்று தனி வரைவாளர் இல்லாத பதிப்பகமும் சொந்தமாகப் படம் போட முடிந்தது.

வட்டமான புள்ளிகள் வேண்டுமென்றால் இம்மென்பொருள்களில் ஒரு வேடிக்கையான வழி உண்டு. சிறுகோட்டின் நீளத்தைப் பூச்சியமாகவும் கோட்டின் முனையை வட்டமாகவும் வைக்க வேண்டும். நீளமே இல்லாத கோட்டின் இருபுறமும் அரைவட்டங்கள் சேர்ந்து ஒரு முழுப் புள்ளியாகும். புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தைப் பாதையின் மொத்த நீளத்தைச் சரியாக வகுக்கும் எண்ணாகத் தேர்ந்தால், கடைசிப் புள்ளி கோட்டின் முடிவில் வந்து உட்காரும். வளைவான பாதையில் இந்த நீளத்தை ஒரே சூத்திரத்தால் பெற முடியாது. மென்பொருள் வளைவைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கூட்டியே அறிகிறது. அவ்வாறு செய்யாமல் சூத்திரத்தின் மாறியைச் சமமாகப் பிரித்தால் புள்ளிகள் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழும்.

எல்லைக்கோட்டுக்கு இதைவிட முக்கியமானது மூலை. புள்ளிகளை ஒரு முனையிலிருந்து எண்ணிக்கொண்டே போகும் மென்பொருள், திருப்பம் வரும் இடத்தைப் பொருட்படுத்தாது. மூன்றாவது புள்ளியில் கோடு ஏறத்தாழ 60 பாகை திரும்புகிறது. அத்திருப்பம் இடைவெளியில் விழுந்துவிட்டால் படத்தில் மூலையே இராது. பார்ப்பவரின் கண் அடுத்தடுத்த சிறுகோடுகளை இணைத்து மூலையை வெட்டிவிடும். 2010இல் வெளிவந்த இல்லஸ்ட்ரேட்டர் பதிப்பில்தான் சிறுகோடுகளை மூலைகளிலும் முனைகளிலும் பொருந்தவைக்கும் வசதி வந்தது. அதுவரை எண்களை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.

மற்றொன்று, கோட்டை 'மழமழப்பாக்கும்' கட்டளை. கடற்கரைக்கும் ஆற்றுக்கும் அது பொருந்தும். அழகு கருதி எல்லைக்கோட்டின் மேலும் அதை ஏவுவது எளிது. விளைவு இரண்டு வகைப்படும். மூலைகளை வெட்டி வெட்டி மழுக்கும் முறை ஒன்று. வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ் உள்ளிட்டவற்றில் இம்முறை உள்ளது. ஒப்பந்தத்தின் ஆறு புள்ளிகளையும் அதில் இட்டுக் கணக்கிட்டால், மூன்றாவது புள்ளியின் மூலை ஏறத்தாழ இரண்டரைக் கடல் மைல் கிழக்கே உள்வாங்கிவிடும். இலங்கையின் கடல் இந்தியாவின் பக்கம் வந்துவிட்டதாகப் படம் காட்டும். எல்லாப் புள்ளிகளையும் தொட்டுக்கொண்டே வளைந்து செல்லும் முறை மற்றொன்று. அதில் மூலை தப்பும், ஆனால் மூன்றாவது, நான்காவது புள்ளிகளுக்கு இடையே கோடு மேற்கே உப்பும். பரவலான ஒரு சூத்திரப்படி அந்த உப்பல் ஒரு கடல் மைலுக்கு மேல். இம்முறை இழப்பு இந்தியாவுக்கு. இரண்டு படங்களும் அச்சில் அழகாகவே இருக்கும். பேச்சுவார்த்தையில் கலையின் நூறில் ஒரு பங்கு வரை எழுதிவைத்ததை மென்பொருளின் ஒரு சொடுக்கு கடல் மைல் கணக்கில் அழிப்பதை யாரும் கவனிப்பதில்லை.

கூர்மையான மூலைகளுடன், ஆறு புள்ளிகளிலும் ஒரு சிறுகோடு நிற்கும்படி, நேர்த் துண்டுகளாக வரைவதே ஒப்பந்தத்துக்கு உண்மையான கோடு. பார்வைக்கு அது சற்று முரடாகத்தான் இருக்கும்.

படகில் இருக்கும் கோடு

கடலில் இக்கோட்டைக் காட்டும் தொடர் மிதவைகள் இல்லை. பழைய நாட்டுப்படகுக்காரர்கள் கோயில் கோபுரத்தையும் கலங்கரை விளக்கத்தையும் மணல்திட்டுகளையும் ஒன்றோடொன்று ஒத்திப் பார்த்து இடம் அறிந்தனர். இருளிலும் மழையிலும் அந்த அடையாளங்கள் உதவா. ஜி.பி.எஸ். கருவி வந்தபின் கோடு படகின் திரைக்குள் ஏறியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவருக்காக உருவாக்கிய கைப்பேசிச் செயலியில், எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் வசதி உண்டு. இக்கருவிகளுக்குக் கோட்டின் அகலம் என்ற ஒன்று கிடையாது. மீட்டர் கணக்கில் உள்ளே, வெளியே என்று சொல்லிவிடும்.

அந்தத் துல்லியத்திலும் ஒரு கீறல் உண்டு. அட்சரேகையும் தீர்க்கரேகையும் பூமியின் வடிவத்தைப் பற்றிய ஓர் அடிப்படை மாதிரியைச் சார்ந்தவை. இந்தியாவின் பழைய அளவைகள் எவரெஸ்ட் மாதிரியைக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவியின் மாதிரி வேறு. ஒரே எண்ணை இரண்டு மாதிரிகளிலும் குறித்தால் இப்பகுதியில் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். 1974 ஒப்பந்தம் தன் எண்களைப் 'புவியியல் ஆயங்கள்' என்று மட்டும் அழைக்கிறது. கடலில் உண்மையான இடத்தைத் தீர்மானிக்கும் முறையை இரு நாட்டு அளவையாளர்களும் பேசி முடிவு செய்வார்கள் என்று மூன்றாம் பிரிவு விட்டுவைத்தது.

நூறு மீட்டர் பெரிதா என்பது கரையிலிருந்து கோடு எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. இராமேசுவரத்திலிருந்து நேர்கிழக்கே சுமார் 12 கடல் மைலில் கோடு வந்துவிடுகிறது. அரிச்சல்முனையிலிருந்து 5 கடல் மைல்தான். தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983இன்படி கரையிலிருந்து முதல் 3 கடல் மைல் நாட்டுப்படகுகளுக்கு உரியது. டோக்கன் பெற்றுப் புறப்படும் விசைப்படகுக்கு இராமேசுவரத்துக்கு நேரே மிஞ்சுவது 9 கடல் மைல் அகலம். மடியை இறக்கி இழுக்கும்போது மணிக்கு இரண்டு அல்லது மூன்று கடல் மைல் வேகத்தில் போகும் படகு, மூன்று மணி நேர இழுவையில் அந்த அகலத்தின் பெரும்பகுதியைக் கடந்துவிடும். வாரத்தில் மூன்று நாள் மட்டுமே விசைப்படகுகள் போவது என்ற நெடுநாள் ஏற்பாட்டினால், அந்த நாட்களில் எல்லாப் படகுகளும் ஒரே நீரில் நெருங்குகின்றன. இறால் கிடைப்பதோ பெரும்பாலும் கோட்டுக்கு அப்பால்.

அப்பால் இருப்பவர்களும் தமிழ் மீனவர்களே. போர்க்காலத்தில் கடலுக்குப் போகத் தடைகளுக்கு உட்பட்டிருந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள், 2009க்குப் பின் சிறு படகுகளிலும் வலைகளிலும் தொழிலை மீண்டும் தொடங்கினர். இரவில் இழுவைமடிகள் தங்கள் வலைகளை அறுத்துப் போகின்றன, கடலடியைச் சுரண்டுகின்றன என்பது அவர்களின் நீண்டகாலக் குறை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. 2018இல் வெளிநாட்டுப் படகுகள் தொடர்பான சட்டத்தைத் திருத்தி அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. பிடிபடும் படகு திரும்பக் கிடைக்காமல் போவதும், படகோட்டி மாதக்கணக்கில் சிறையில் இருப்பதும் அதன் பின் இராமநாதபுரம் மாவட்டத்தில் அடிக்கடி கேட்கும் செய்திகள்.

ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு, இராமேசுவரத்திலிருந்து பெயர் பதிந்த பயணிகளுடன் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் அதே கோட்டைக் கடக்கின்றன. ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவுப்படி அப்பயணத்துக்கு விசா தேவையில்லை. மடியும் வலையும் கரையில் இருக்கும்.